எரித்துவிடச் சொன்ன நாட்குறிப்பு: மான்ஸ்ஃபீல்டும் வெயில் தேடிய ஐந்து வருடங்களும்

வெயில்காலம் எழுதியது:

மூன்று மாதமாக ஒரே ஆளின் நாட்குறிப்பையும் கடிதங்களையும் மாற்றி மாற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கேதரின் மான்ஸ்ஃபீல்ட். 1888-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் பிறந்தவர், 1923 ஜனவரி 9 அன்று பிரான்சில் இறந்தார், வயது 34. சிறுகதை வாசிப்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும், கதைகளைப் பற்றிப் பேச இந்த இழையைத் தொடங்கவில்லை. காசநோய் என்று தெரிந்த பிறகு ஐந்து வருடம் ஊர் ஊராக அலைந்தபடி அவர் எழுதிவைத்த குறிப்புகளைப் பற்றித்தான் பேச வேண்டும், வீட்டில் யாரிடமும் பேச முடியவில்லை.

1917 டிசம்பரில் லண்டனில் அவருக்கு நெஞ்சுவலியும் காய்ச்சலும் வருகின்றன. பரிசோதித்த மருத்துவர் நுரையீரலில் கோளாறு இருக்கிறது, இந்தக் குளிர்காலத்தை இங்கிலாந்தில் கழிக்கக் கூடாது, தெற்கே போய்விடு என்கிறார். அன்றைக்கு வைத்தியமே அதுதான். கிருமியை ராபர்ட் கோக் 1882-லேயே கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்லும் மருந்து கிடைக்க இன்னும் அறுபது வருடம் ஆனது. அதுவரை வசதி இருந்தவர்கள் வெயிலைத் தேடிப் போனார்கள், இல்லாதவர்கள் இருந்த இடத்திலேயே இருமினார்கள்.

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1918 ஜனவரியில், பிரான்சின் தென்கரையில் உள்ள பந்தோல் என்கிற சின்ன ஊருக்குத் தனியாகப் போகிறார். பிப்ரவரியில் ஒரு காலை ஜன்னலைத் திறக்கிறார், சூரியன் முழுவட்டமாக எழுந்திருக்கிறது, துள்ளி மறுபடி படுக்கையில் விழுகிறார், அந்தத் துள்ளலில் இருமல் வருகிறது, துப்பினால் வாயில் ஏதோ வேறு ருசி, பார்த்தால் செக்கச்செவேல் என்று ரத்தம். அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அதற்கு அடுத்து அவர் எழுதுவது இன்னும் கனமானது. கணவராகப் போகிறவர் பக்கத்தில் இல்லாமல் தனியாக நோயில் கிடக்க வேண்டுமே என்று பயம் என்கிறார். அப்புறம், இது வேகமாக முற்றுகிற வகையாக இருந்துவிட்டால் எழுத வேண்டியதை எழுதாமலே போய்விடுவேனே, முக்கியம் அதுதான் என்கிறார். ரத்தம் கக்கிய அதே நாளில்.

அங்கிருந்து திரும்பும்போது பாரிசில் மாட்டிக்கொள்கிறார். மார்ச் 23-ல் ஜெர்மன்காரர்களின் நீண்டதூர பீரங்கி பாரிஸ் மீது சுட ஆரம்பிக்கிறது, ஊரைவிட்டு வெளியேற அனுமதிச்சீட்டுக்காக ஒவ்வொரு அலுவலகமாக அலைகிறார், நுரையீரலில் ஓட்டையோடு. ஏப்ரலில்தான் லண்டன் வந்து சேர முடிகிறது. மே மாதம் ஜான் மிடில்டன் மரியோடு பதிவுத் திருமணம்.

அந்த வருடக் கடைசியில் ஒரு நிபுணர் மரியிடம் தனியாகச் சொல்கிறார்: உடனே சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் இடம்) சேர்த்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, இல்லாவிட்டால் இரண்டு மூன்று வருடம், மிஞ்சினால் நான்கு. மான்ஸ்ஃபீல்ட் சேர மறுத்துவிட்டார். சானடோரியத்தில் படுக்க நேரம், எழ நேரம், பேசாமல் இருக்க நேரம் எல்லாம் அவர்கள் சொல்வதுதான், அங்கே எழுத முடியாது. மிஞ்சினால் நான்கு என்றார் அல்லவா, நான்கு வருடம்தான் இருந்தார். அந்த நான்கு வருடத்தில்தான் அவருடைய மிகச் சிறந்த கதைகள் பல எழுதப்பட்டன. அவர் செய்தது சரியா? எனக்கு அவர் பக்கம்தான் மனம் சாய்கிறது, உங்களுக்கு?

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 1922 ஆகஸ்டில் எழுதிய உயிலில், என் காகிதங்களில் முடிந்தவரை குறைவாக வெளியிடு, முடிந்தவரை அதிகமாகக் கிழித்து எரித்துவிடு என்று மரியிடம் கேட்டுக்கொண்டார். தான் கூடாரம் போட்டுத் தங்கிய இடத்தில் தடயம் அதிகம் இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டார். நான் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருப்பது அந்தத் தடயங்களைத்தான்.

---

கறிவேப்பிலை எழுதியது:

படித்தேன், மனம் கனத்தது. ஆனால் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அப்பா வங்கித் தலைவர், அதனால் தென் பிரான்சுக்குப் போக முடிந்தது. அதே லண்டனில் தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்ணுக்கு அதே நோய் வந்திருந்தால் அவளுக்கு வெயிலும் கிடையாது, நாட்குறிப்பும் கிடையாது. நாம் படிப்பது எப்போதும் எழுத நேரம் கிடைத்தவர்களின் நோயைத்தான்.

---

வெயில்காலம் எழுதியது:

கறிவேப்பிலை, நீங்கள் சொல்வது உண்மை, மறுக்கவில்லை. அப்பாவின் மாதப்படி வந்துகொண்டிருந்தது, அது இல்லாமல் இந்தப் பயணங்கள் நடந்திருக்காது. ஆனாலும் கணக்குப் பார்த்துத்தான் வாழ்ந்தார், மரிக்கு எழுதிய கடிதங்களில் யார் எந்த பில்லைக் கட்டுவது என்கிற மனத்தாங்கல் திரும்பத் திரும்ப வரும்.

அதோடு பணம் கொடுத்தாலும் இடம் கிடைக்காத நிலைமையும் இருந்தது. 1919 செப்டம்பரில் இத்தாலியில் சான் ரேமோவில் ஒரு ஹோட்டலில் தங்குகிறார். மற்ற விருந்தினர்கள் அவருடைய இருமலைக் கேட்டுப் பயப்படுகிறார்கள், ஹோட்டல்காரர் வெளியே போகச் சொல்லிவிடுகிறார். போனால் மட்டும் போதாது, அறைக்குக் கிருமிநாசினி அடிக்கும் செலவும் அவர் தலையில்தான். பிறகு பக்கத்தில் ஒஸ்பெதலெத்தி என்கிற ஊரில் மலைச்சரிவில் ஒரு சின்ன வீட்டை எடுக்கிறார்கள். கீழே கடல், இரவு முழுக்க அலைச்சத்தம், தபால்காரர் வருவாரா என்று பார்த்துக்கொண்டே நாள் போகிறது. இத்தாலியில் தபால் வேறு ஒழுங்காக வருவதில்லை. அந்த இலையுதிர்காலக் கடிதங்கள்தான் படிக்க மிகக் கடினமானவை. கோபம், சந்தேகம், கெஞ்சல், அடுத்த நாளே மன்னிப்பு. கடிதம் போய்ச் சேரும்போது மனநிலை மாறியிருக்கும், பதில் வரும்போது அதற்குப் பதிலே தேவைப்படாது.

---

தோகாவிலிருந்து எழுதியது:

வழக்கமாகப் படிப்பதோடு சரி, எழுத மாட்டேன். ஹோட்டல் அறைக்குக் கிருமிநாசினிச் செலவு என்றதும் எழுதத் தோன்றிவிட்டது.

எனக்குச் சின்ன வயதில் டிபி வந்து, முழுக் கோர்ஸ் மாத்திரை சாப்பிட்டு முழுமையாகக் குணமாகிவிட்டது. பதினைந்து வருடம் கழித்து வளைகுடா வேலைக்கு மருத்துவப் பரிசோதனைக்குப் போனபோது மார்பு எக்ஸ்ரேயில் அந்தப் பழைய தழும்பு தெரிந்தது. சளியில் கிருமி கிடையாது, யாருக்கும் தொற்றாது, ஆனாலும் தாளில் "அன்ஃபிட்" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய பணம் போனது, அக்காவின் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப்போட்டோம். வீட்டில் காரணத்தைச் சொல்லவில்லை, விசா கோட்டா முடிந்துவிட்டது என்று சொன்னேன். நான்கு வருடம் கழித்து வேறு வழியில் வந்து சேர்ந்தேன்.

அப்போது ஒரு நோட்டில் எழுதுவேன். பெரிதாக ஒன்றும் இல்லை, அன்றைக்கு யாரிடம் என்ன பொய் சொன்னேன் என்று மட்டும் எழுதுவேன், மறந்து மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக. இப்போது எடுத்துப் பார்த்தால் அதுதான் என் நாட்குறிப்பு.

---

வெயில்காலம் எழுதியது:

தோகா, இதை எழுதியதற்கு நன்றி. என்ன சொல்வது என்று தெரியவில்லை. அந்த நோட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

---

நூலகத்து மாடி எழுதியது:

அந்த நாட்குறிப்பு என்று நாம் சொல்கிற பொருளைப் பற்றி ஒன்று தெளிவாக இருக்க வேண்டும். மான்ஸ்ஃபீல்ட் அப்படி ஒரு நாட்குறிப்பை எழுதவே இல்லை. ஜனவரியில் ஆர்வமாகத் தொடங்கி சில வாரத்தில் நின்றுபோன டைரிகள், பள்ளி நோட்டுகள், தனித்தாள்கள், பாதியில் நின்ற கதைகள், அனுப்பாத கடிதங்கள், மளிகைக் கணக்கு. இதுதான் அவர் விட்டுப்போனது. அதில் பொறுக்கி எடுத்து, தேதி போட்டு, வரிசைப்படுத்தி, 1927-ல் "நாட்குறிப்பு" என்று வெளியிட்டவர் மரி. அடுத்த வருடம் கடிதங்கள். 1939-ல் இன்னொரு தொகுப்பு. 1954-ல் விரிவாக்கிய பதிப்பு. முழுக் காகிதங்களையும் எழுத்துக்கு எழுத்து படியெடுத்து மார்கரெட் ஸ்காட் வெளியிட்டது 1997-ல்தான், மூலங்கள் பெரும்பாலும் வெலிங்டனில் அலெக்ஸாண்டர் டர்ன்புல் நூலகத்தில் இருக்கின்றன.

மரி கட்டிய பெண் வேறு, காகிதத்தில் இருக்கிற பெண் வேறு. மரியின் பதிப்பில் அவர் கிட்டத்தட்ட ஒரு புனிதவதி, நோயால் தூய்மையானவர். காகிதத்தில் அவர் கோபக்காரி, வெடுக்கென்று பேசுகிறவர், நண்பர்களைப் பற்றி நாக்கில் விஷத்தோடு எழுதுகிறவர், கணக்கில் கறாரானவர், சிரிக்கவைக்கிறவர். எனக்கு இரண்டாவது ஆள்தான் வேண்டும்.

இந்த மாதிரி நடப்பது புதிதும் அல்ல. மரி பாஷ்கிர்ட்செஃப் (கணவர் மரி அல்ல, இவர் வேறொரு பெண்) என்று ஒரு ஓவியர், உக்ரைனில் பிறந்து குடும்பத்தோடு நீஸ், ரோம், பாரிஸ் என்று திரிந்தவர், 1884-ல் பாரிசில் காசநோயில் இறந்தபோது வயது 25. பதின்பருவம் தொடங்கி இறக்கும்வரை கட்டுக்கட்டாக நாட்குறிப்பு எழுதினார், அதை வெளியிட வேண்டும் என்று அவரே விரும்பினார். குடும்பம் 1887-ல் வெளியிட்டபோது சங்கடமானதை எல்லாம் வெட்டி, வயதையும் இரண்டு வருடம் குறைத்துவிட்டது. எரிக்கச் சொன்னவரின் காகிதம் அச்சானது, அச்சிடச் சொன்னவரின் காகிதம் வெட்டுப்பட்டது. மான்ஸ்ஃபீல்ட் இளம்வயதில் இந்தப் பெண்ணின் நாட்குறிப்பை ஆசையாகப் படித்தவர் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

---

கறிவேப்பிலை எழுதியது:

அப்படியானால் மரியைத் துரோகி என்று சொல்லலாமா? மனைவி எரி என்றார், அவர் விற்றார்.

---

நூலகத்து மாடி எழுதியது:

துரோகி என்று சொல்ல மாட்டேன். அந்த உயிலுக்கு ஒரு வாரம் முன்னதாக மான்ஸ்ஃபீல்ட் மரிக்கு எழுதிய கடிதத்தில், காகிதங்களை எல்லாம் உன்னிடமே விடுகிறேன், உன் விருப்பப்படி செய், நீ பயன்படுத்தாததை அழித்துவிடு என்றுதான் இருக்கிறது. முடிவை அவரிடம் கொடுத்திருக்கிறார். தான் எரிக்க நினைத்தவற்றை மான்ஸ்ஃபீல்ட் தானே எரித்தும் இருக்கிறார், பழைய டைரிகளில் ஒரு பகுதி அவர் கையாலேயே போனது. உண்மையாகவே ஒரு எழுத்தும் மிஞ்சக் கூடாது என்று நினைத்தவர் மிச்சத்தை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போக மாட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு வருத்தம் மரி வெளியிட்டார் என்பதில் கிடையாது, மழித்து வெளியிட்டார் என்பதில்தான்.

---

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர், டிபி வார்டில் பதினோரு வருடம் இருந்தவள், இப்போது ஓய்வு. இங்கே எல்லோரும் மரியைப் பற்றியே பேசுகிறீர்கள், எல்.எம். பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐடா பேக்கர். மான்ஸ்ஃபீல்டின் பள்ளித் தோழி, குறிப்புகளில் எல்.எம். என்று வருபவர். மான்ஸ்ஃபீல்ட் பந்தோலில் நோயோடு இருந்தபோது போர்க்கால அனுமதியை எப்படியோ வாங்கிக்கொண்டு பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர் இவர்தான். ஒஸ்பெதலெத்தியில் கூட இருந்தது இவர், மாந்தோனில் இவர், சுவிட்சர்லாந்தில் மலைமேல் இவர். பெட்டி கட்டுவது, சமையல்காரியோடு பேசுவது, வெந்நீர், துணி, எச்சில் பாத்திரம், இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் இவர். அந்தக் குறிப்புகளில் அவரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்திருக்கிறீர்களா? சாப்பிடுகிற விதம் பிடிக்கவில்லை, நடக்கிற சத்தம் பிடிக்கவில்லை, கண்ணால் பார்க்கவே வெறுப்பு. அடுத்த மாதம், நீ இல்லாமல் நான் இல்லை, என் மனைவி மாதிரி நீ.

இதைப் படித்து யாரும் மான்ஸ்ஃபீல்டைக் கெட்டவர் என்று முடிவுகட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வார்டில் தினம் பார்த்தது இதுதான். கூடவே இருப்பவர் மேல்தான் கோபம் விழும், ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சு வாங்கிவந்து பத்து நிமிடம் நிற்கிற மகனுக்குச் சிரிப்பு கிடைக்கும். தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற கையைப் பார்த்தால் தன்னால் எடுக்க முடியவில்லை என்பது ஞாபகம் வரும், அந்த எரிச்சல்தான். ஐடா பேக்கர் 1978 வரை உயிரோடு இருந்தார், தன் நினைவுகளை 1971-ல்தான் வெளியிட்டார். அதிலும் குறை சொல்லவில்லை. யாராவது மான்ஸ்ஃபீல்டைப் படிக்கப் போகிறேன் என்றால் அதையும் சேர்த்துப் படியுங்கள் என்று சொல்வேன்.

வெயில்காலம் கேட்ட முதல் கேள்விக்கு: சானடோரியத்தில் சேராதது தப்பா? மருந்து இல்லாத காலத்தில் சானடோரியம் என்றால் ஓய்வு, சாப்பாடு, திறந்த ஜன்னல், அவ்வளவுதான். சிலர் தேறினார்கள், பலர் தேறவில்லை. சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது.

---

கணக்குப்பாடம் எழுதியது:

திறந்த ஜன்னல் என்றதும் எனக்கு ராமானுஜன் ஞாபகம் வந்துவிட்டது. இழையோடு ஒட்டுமா என்று யோசித்தேன், ஒட்டும் என்றே படுகிறது.

ராமானுஜன் 1887, மான்ஸ்ஃபீல்ட் 1888. இரண்டு பேரும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட தூர தேசங்களிலிருந்து கப்பலேறி இங்கிலாந்து போனவர்கள். 1917-ல்தான் ராமானுஜனும் படுத்தார், காசநோய் என்றே வைத்தியம் பார்த்தார்கள். சாமர்செட்டில் மெண்டிப் மலையில் ஒரு சானடோரியத்தில் சில வாரங்கள் இருந்தார், அதை நடத்தியவர் ஒரு தமிழர், டாக்டர் டேவிட் சௌரி முத்து, 1914-ல் ராமானுஜன் போன அதே கப்பலில் பயணம் செய்தவர். பிறகு டெர்பிஷயரில் மேட்லாக் என்கிற ஊரில் இன்னொரு சானடோரியம், அங்கே நீண்ட காலம். இங்கிலாந்துக் குளிரில் ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கவைப்பதுதான் சிகிச்சை. கும்பகோணத்து ஆள். கணப்பு வேண்டும் என்று கேட்டும் கிடைக்கவில்லை. குளியலறை மட்டும் கதகதப்பாக இருக்கிறது, தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு அங்கே போய்க் கணக்குப் போடுகிறேன் என்று கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதியிருக்கிறார்.

1918-19 குளிர்காலத்தில் மான்ஸ்ஃபீல்ட் ஹாம்ஸ்டெட்டில் படுக்கையில், ராமானுஜன் பட்னியில் மருத்துவ விடுதியில். ஒரே நகரம், ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்கவே வாய்ப்பில்லை. அதை நினைத்தால் எனக்கு ஏதோ செய்கிறது.

ராமானுஜன் நாட்குறிப்பு எழுதவில்லை. ஆனால் 1919 மார்ச்சில் திரும்பி வந்து 1920 ஏப்ரல் 26-ல் சேத்துப்பட்டில் இறக்கும்வரை தாள் தாளாக எழுதினார். 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் வலியைப் பற்றிப் புலம்பல் கிடையாது, போலித் தீட்டா சார்புகள் என்று தான் கண்டுபிடித்த புது வகையைப் பற்றித்தான் பேச்சு. அந்தத் தாள்கள் கேம்பிரிட்ஜில் ஒரு பெட்டியில் கிடந்து 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்கிற கணித அறிஞர் கண்ணில் பட்டன, 600-க்கும் மேற்பட்ட சூத்திரங்கள். அதை ஒரு நோயாளியின் நாட்குறிப்பாகப் படிக்க முடியுமா என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு யோசனை. ஒரு நாள் கூட வீணாகவில்லை என்பதற்கு அதைவிட என்ன சாட்சி?

பின்னாளில், 1994-ல், ஒரு ஆய்வாளர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து அது காசநோயாக இருந்திருக்காது, கல்லீரலில் வந்த அமீபா நோயாக இருக்கலாம் என்று எழுதினார். அது சரியாக இருந்தால் அந்தத் திறந்த ஜன்னல்களும் அந்தக் குளிரும் எதற்கு என்று தோன்றும்.

---

இரவுப்பணி எழுதியது:

சௌரி முத்துவின் பெயரை எடுத்தீர்களே, சந்தோஷம். அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் தொடங்கியதுதான் தாம்பரம் சானடோரியம், ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர்தான் இன்றும்.

அந்த சானடோரியக் காலத்தை முடித்துவைத்த ஆராய்ச்சியும் சென்னையில்தான் நடந்தது, அதுவும் சேத்துப்பட்டில். 1956-ல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து. நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள், மறுபாதியை அவரவர் வீட்டிலேயே, ஒற்றை அறைக் குடிசையிலேயே வைத்து ஒரு வருடம் அதே மாத்திரைகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்துக்காரர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, எடை கூடியது. ஆனால் குணமானதில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வீட்டில் கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வந்தது, அதற்கப்புறம் உலகம் முழுவதும் டிபி சிகிச்சை மாறியது. வெயில் தேடி ஓட வேண்டியதில்லை, மலை ஏற வேண்டியதில்லை, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் போதும் என்று புளியந்தோப்புக்காரர்களும் வியாசர்பாடிக்காரர்களும்தான் காட்டினார்கள். கறிவேப்பிலை கேட்டாரே, எழுத நேரமில்லாதவர்களைப் பற்றி. இவர்கள்தான் அவர்கள்.

---

வெயில்காலம் எழுதியது:

இரவுப்பணி அக்கா, இது எதுவும் எனக்குத் தெரியாது. மொன்தானாவில் 1921-ல் அவர் இருந்த மலைவீட்டைப் பற்றி எழுத வந்தேன், 1500 மீட்டர் உயரத்தில், அங்கே ஏழெட்டு மாதத்தில் அடுக்கடுக்காகக் கதை எழுதித் தள்ளினார், ஒரு கதையை முடித்த இரவு பற்றிய குறிப்பில் சோர்வும் சந்தோஷமும் ஒன்றாக இருக்கும். இப்போது அதைப் படிக்கும்போது இன்னொரு முப்பத்தைந்து வருடம் கழித்துப் பிறந்திருந்தால் என்றே மனம் போகிறது.

கடைசிப் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1922 தொடக்கத்தில் பாரிசில் மனூக்கின் என்கிற ரஷ்ய மருத்துவரிடம் மண்ணீரலுக்கு எக்ஸ்ரே கதிர் வைத்துக்கொண்டார், பணமும் போனது, உடம்பும் போனது. அக்டோபரில் ஃபோன்தென்ப்லோவுக்குப் பக்கத்தில் குர்ஜீஃப் என்கிற ஆன்மிக குருவின் ஆசிரமத்தில் சேர்ந்தார். மாட்டுத் தொழுவத்துக்கு மேலே ஒரு பரண் கட்டி, மாடுகளின் மூச்சு நுரையீரலுக்கு நல்லது என்று அங்கே படுக்கவைத்தார்கள். ஜனவரி 9 அன்று மரி பார்க்க வந்தார், அன்று இரவு படியேறும்போது ரத்தம் வந்து சில நிமிடத்தில் போய்விட்டார். ஏமாற்றப்பட்டார் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே போவதற்குச் சில நாள் முன்பு, ஆரோக்கியம் என்றால் என்ன என்று தனக்குத்தானே கேட்டு ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருக்கிறார்: பூமி, கடல், சூரியன், இவற்றோடு ஒட்டி முழுமையாக வாழ்கிற சக்தி, தோட்டம், சின்ன வீடு, புல், விலங்குகள், அதிலிருந்து எழுத்து. குணமாவதைப் பற்றி அதில் அதிகம் இல்லை. மருத்துவர்களிடம் ஐந்து வருடம் கேட்டுப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்கப் போயிருக்கிறார்.

---

பழையபெட்டி எழுதியது:

மன்னிக்கவும், பெரிய எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும் இடத்தில் என் தாத்தாவைக் கொண்டுவருகிறேன். சேத்துப்பட்டு என்று படித்ததும் தூக்கம் போய்விட்டது.

தாத்தா (அப்பாவின் அப்பா) பினாங்கில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதினார். 1959-ல் உடம்பு சரியில்லாமல் ரஜுலா கப்பலில் திரும்பி வந்தார் என்று மட்டும் சொல்வார்கள், என்ன நோய் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை, நெஞ்சுச்சளி என்பார்கள். பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஒரு டைரி என்னிடம் இருக்கிறது. முதல் பாதி அங்கே எழுதியது: சரக்கு, விலை, வீட்டுக்கு அனுப்பிய பணம். நடுவில் ஒரு நாள், "இருமல். முதலாளி பார்த்தார்." ஒரு வாரம் கழித்து, "கப்பல் டிக்கெட்." இடையில் ஒன்றுமே இல்லை.

இரண்டாம் பாதி புளியந்தோப்பு வீட்டில் எழுதியது. பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "பா 2." "பா 2. மழை." "பா 1." வாரத்தில் ஒரு நாள் "சேத்து" என்று ஒற்றை வார்த்தை. இதைப் பால் கணக்கு என்றுதான் நாங்கள் இவ்வளவு காலமும் நினைத்தோம். பா என்றால் பால், இரண்டு ஆழாக்கு, வாரக் கடைசியில் சேர்த்துக் கூட்டிவிட்டேன் என்பதற்குச் "சேத்து." தாத்தாவுக்குப் பால் என்றால் உயிர் என்று எங்கள் வீட்டில் ஒரு கதையே உண்டு. இப்போது அந்தச் "சேத்து" சேத்துப்பட்டாக இருக்குமோ என்று தோன்றுகிறது. அக்கா, உங்களுக்கு ஏதாவது புரிகிறதா?

---

இரவுப்பணி எழுதியது:

தம்பி, ஆழாக்கும் இல்லை பாலும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்தக் காலத்தில் கொடுத்தது இரண்டு மருந்து, ஐசோனியசிட் ஒன்று, பி.ஏ.எஸ். ஒன்று. பி.ஏ.எஸ்.-ஐ வார்டில் நாங்கள் "பாஸ்" என்றே சொல்லுவோம். காலையில் ஒரு வேளை, மாலையில் ஒரு வேளை, அதுதான் 2. அளவு ரொம்ப அதிகம், நாளைக்குப் பத்து கிராம் வரை. குமட்டும், வாந்தி வரும், வயிற்றைக் கலக்கும், பலரால் முடியாது. அதனால்தான் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க மையத்திலிருந்து திடீரென்று வீட்டுக்கு வந்து மாத்திரையை எண்ணுவார்கள், சிறுநீர் எடுத்துப் போவார்கள். வாரம் ஒரு முறை போய் மருந்து வாங்கி வர வேண்டும். "சேத்து" அந்த நாளாக இருக்கலாம், எந்தக் கிழமை என்று பாருங்கள், ஒரே கிழமையாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

"பா 1" என்று இருக்கிற நாட்களில் வேறு ஏதாவது எழுதியிருக்கிறாரா?

---

பழையபெட்டி எழுதியது:

அக்கா, எல்லாம் புதன்கிழமை. ஒன்று கூட விலகவில்லை.

காலையில் பெரிய அத்தைக்குப் போன் போட்டேன், அவருக்கு அப்போது ஒன்பது வயது. பால் கணக்கு பற்றிக் கேட்டேன். "நம்ம வீட்ல ஏதுடா பாலு, கருப்பட்டிக் காப்பி தானே" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பா தட்டும் டம்ளரும் தனியாக இருக்கும், நாங்கள் தொடக் கூடாது, ஏன் என்று கேட்டால் அடி விழும் என்றார்.

"பா 1" நாட்களைத் தேடினேன். முதல் நான்கு மாதத்தில் பதினேழு வருகின்றன. அதில் பதினான்கில் பக்கத்திலேயே "கூலி" என்று ஒரு தொகை இருக்கிறது, ஒன்றரை ரூபாய், ஒண்ணேமுக்கால். வேலை கிடைத்த நாளில் காலை வேளை மருந்தை விட்டிருக்கிறார், குமட்டலோடு மூட்டை தூக்க முடியாது என்பதால் இருக்கும். மற்ற மூன்று நாளுக்குக் காரணம் எழுதவில்லை.

இன்னும் எட்டு மாதப் பக்கங்கள் இருக்கின்றன. அத்தை நாளை வருகிறேன் என்றிருக்கிறார், கண்ணாடி எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.